கேபிள் பூட்டு, அலமாரி, என்கிரிப்ஷன், ரிமோட் வைப்: அலுவலக லேப்டாப்புக்கு எது முதலில்?

அலுவலகத்தில் லேப்டாப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் முதலில் வருவது, லேப்டாப்பை மேசையோடு கட்டிவைக்கும் கேபிள் பூட்டு. அடுத்து, வேலை முடிந்ததும் வைத்துப் பூட்டும் அலமாரி. ஐ.டி. பிரிவினர் யாராவது இருந்தால் டிஸ்க் என்கிரிப்ஷனையும் (டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பது) ரிமோட் வைப்பையும் (தொலைந்த கருவியில் உள்ளதைத் தொலைவிலிருந்தே அழிப்பது) சொல்வார்கள். இந்த நான்கும் ஒரே வேலையைச் செய்பவை என்று நினைத்து, ஏதோ ஒன்றை வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடும் அலுவலகங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. முதல் இரண்டும் பொருளைக் காப்பவை. மற்ற இரண்டும் அதற்குள் இருக்கும் தகவலைக் காப்பவை.

கேபிள் பூட்டு மாட்ட லேப்டாப்பின் ஓரத்தில் சின்னத் துளை இருக்கும். கென்சிங்டன் துளை என்பார்கள். வழக்கமான அளவு 7 மி.மீ.க்கு 3 மி.மீ. ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சட்டென்று எடுத்துக்கொண்டு நடப்பவரை இது தடுக்கும். வரவேற்பறை, கூட்ட அறை, வெளியாட்கள் வந்துபோகும் கூடம் ஆகியவற்றுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் கட்டர் கொண்டுவருபவருக்கு இது சில நொடி வேலைதான். குழாய் வடிவச் சாவி போடும் சைக்கிள் பூட்டுகளைச் சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் உடலை வைத்தே திறக்கலாம் என்று 2004-இல் தெரியவந்தது. லேப்டாப் பூட்டுகளிலும் அந்த வகைச் சாவி உண்டு என்பதால் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, மெல்லிய லேப்டாப் பலவற்றில் துளை சிறியது. இப்போதைய மேக்புக்குகளில் துளையே கிடையாது. மொத்தமாக ஆர்டர் போடும் முன் உங்களிடம் இருக்கும் மாடல்களைச் சரிபாருங்கள்.

இரவு நேரத்துக்கு அலமாரிதான் மேல். டேப்லெட், பென்டிரைவ், வெளிப்புற ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றுக்கும் அதுவே வழி. சாவி பக்கத்து டிராயரில் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி என்கிரிப்ஷன். ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். லாகின் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று பலரும் நம்புகிறார்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அந்தப் பாஸ்வேர்டு எதையும் தடுக்காது. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால்தான் கோப்புகளைப் படிக்க முடியாது. விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் என்று மூன்றிலும் கூடவே வரும் வசதி இது.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2006 மே மாதத்தில் நடந்ததே போதும். அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை ஊழியர் ஒருவரின் வீட்டிலிருந்து லேப்டாப்பும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கும் திருடு போயின. சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரங்கள் என்கிரிப்ட் செய்யாமல் அதில் இருந்தன. அடுத்த மாதமே இரண்டும் கிடைத்தன; தகவலை யாரும் திறந்து பார்க்கவில்லை என்று எஃப்.பி.ஐ.யும் சொன்னது. இருந்தும் படைவீரர்கள் தொடுத்த வழக்கை 2009-இல் 2 கோடி டாலர் கொடுத்துத்தான் முடிக்க முடிந்தது.

என்கிரிப்ஷனுக்கும் ஓட்டைகள் உண்டு. லேப்டாப் ஸ்லீப்பில் இருக்கும்போது, என்கிரிப்ட் ஆன டிஸ்க்கைத் திறக்கும் கீ (ரகசியச் சாவி) மெமரியிலேயே இருக்கும். மெமரி சிப்பைக் குளிரவைத்து அந்தக் கீயை எடுக்கலாம் என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். ஆகவே பயணத்தில் ஷட்டவுன் அல்லது ஹைபர்னேட் (திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைப்பது) செய்யுங்கள். திரையைத் திறந்தபடி விட்டுவிட்டு எழுந்து போனாலோ என்கிரிப்ஷன் இருந்தும் பயனில்லை. திரையைப் பூட்ட, விண்டோஸ் கீயோடு எல் அழுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், வழக்கமான வழியில் டிஸ்க் திறக்காதபோது உதவும் பிட்லாக்கரின் 48 இலக்க ரிகவரி கீயை அலுவலகம் ஓரிடத்தில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அது போய்விட்டால் உங்கள் தகவல் உங்களுக்கே கிடைக்காமல் போகலாம்.

ரிமோட் வைப்பை லேப்டாப்புக்கு நான் கடைசியில்தான் வைப்பேன். அழிக்கச் சொல்லும் கட்டளை இணையம் இருந்தால்தான் போய்ச் சேரும். திருடியவர் இணைக்காமலே டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் ஒன்றும் நடக்காது. போன் விஷயம் வேறு. அது பெரும்பாலும் இணையத்திலேயே இருக்கிறது. ஐபோனில் 2013 முதல் உள்ள ஆக்டிவேஷன் லாக், அழித்த பிறகும் உரிமையாளரின் கணக்கு இல்லாமல் போனை இயங்கவிடாது. அதனால் போனுக்கு இதை முதல் வரிசையிலேயே வைக்கலாம். ஊழியரின் சொந்தப் போன் என்றால் மட்டும் ஆண்ட்ராய்டின் வொர்க் புரொஃபைல் மாதிரி அலுவலகப் பகுதியைத் தனியாகப் பிரித்து, அதை மட்டும் அழியுங்கள். வேலைக்காக ஒருவருடைய குடும்பப் படங்களை அழிப்பது நியாயமில்லை.

இதற்கெல்லாம் தொலைந்த உடனே தகவல் வர வேண்டும். திட்டு விழும் என்று பயந்தால் ஆள் ஒரு நாள் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். சொன்னவரைக் குறை சொல்லாதீர்கள். எந்நேரமும் எடுக்கும் ஓர் எண்ணை எல்லோருக்கும் கொடுங்கள். அது போனில் மட்டும் இல்லாமல் அடையாள அட்டையின் பின்புறத்திலும் அச்சாகி இருக்கட்டும்.