மூன்று கையேடுகளும் ஒரு கரண்டியும்: பள்ளி, பால்வாடிச் சமையலுக்கு எது உதவும்?

கடலூரிலும் புதுச்சேரியிலும் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் இடங்கள் பல வகை. அரசின் சத்துணவுக் கூடமும் அங்கன்வாடியும் ஒரு பக்கம். அறக்கட்டளை நடத்தும் விடுதி, மதியச் சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டணம் வாங்கும் பிளே ஸ்கூல், வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கான குழந்தைக் காப்பகம் ஆகியவை இன்னொரு பக்கம். முதல் வகைக்கு அளவை அரசே வகுத்துவிட்டது. இரண்டாவது வகையில் பெரும்பாலும் குத்துமதிப்புதான். அந்தச் சமையலறைகளை மனதில் வைத்து, காசில்லாமல் கிடைக்கும் மூன்று வழிகாட்டிகளை இங்கே மதிப்பிடுகிறோம்: பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரும் மத்திய அரசின் பிரதமர் போஷன் திட்டத்தின் உணவு அளவு அட்டவணை, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, அமெரிக்க வேளாண் துறை தன் பள்ளி, காப்பக உணவுத் திட்டங்களுக்காக வைத்திருக்கும் கொள்முதல் கையேடு.

ஒன்றை மட்டும் எடுத்து வைக்க முடியும் என்றால் போஷன் அட்டவணைதான். ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய்கறி 50, எண்ணெய் 5. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அரிசி 150, பருப்பு 30, காய்கறி 75, எண்ணெய் 7.5. இலக்கு முதல் பிரிவுக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும். இரண்டாம் பிரிவுக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும். எல்லாமே சமைக்காத எடை. இதைக் கவனிக்காமல் வெந்த சாதத்தில் 100 கிராம் அளந்து போட்டால், பிள்ளைக்குப் போய்ச் சேருவது நாற்பது கிராம் அரிசிக்கும் குறைவுதான்.

இந்த அட்டவணையின் கணக்கு எவ்வளவு நெருக்கிப் பிடித்தது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். 100 கிராம் அரிசியில் புரதம் ஏறக்குறைய 8 கிராம். 20 கிராம் துவரம் பருப்பில் நான்கு கிராமுக்குச் சற்று மேல். கூட்டினால் பன்னிரண்டு. அதாவது தட்டில் போட்டதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடும் பிள்ளைக்கு மட்டுமே அந்தப் பன்னிரண்டு கிடைக்கும். ஆறு வயதுப் பிள்ளை பாதிச் சாதத்தை வைத்துவிட்டால் எட்டுக்கு இறங்கிவிடும். தமிழ்நாட்டுச் சத்துணவில் வாரத்தின் ஐந்து பள்ளி நாளும் முட்டை கொடுப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது: ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவுக்குப் புரதம். தனியார் காப்பகங்கள் 'சாதம், சாம்பார், பொரியல்' என்று எழுதிவைத்து முட்டையையும் சுண்டலையும் விருப்பப் பொருளாக வைத்திருக்கின்றன. அதை மாற்றச் சொல்வதே இந்த மதிப்பீட்டின் முதல் வேண்டுகோள். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுத்தால் வயிறு நிறையும், புரதம் ஒரு கிராம்கூட வந்தால் அதிகம். அந்தப் பிள்ளைக்கு 25 கிராம் பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ ஊறவைத்துக் குழைய வேகவைத்துக் கொடுங்கள்.

அட்டவணை சொல்லாமல் விடுவது கரண்டியை. அறுபது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அரிசி 6 கிலோ, பருப்பு 1.2 கிலோ, நறுக்கிய காய் 3 கிலோ, எண்ணெய் 300 கிராம். இதுவரை சரி. பருப்பை 7.2 லிட்டர் சாம்பாராகக் கூட்டினால், 120 மில்லி கரண்டியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20 கிராம் பருப்பு போகும். யாராவது கூடுதலாகக் கேட்பார்கள் என்று தண்ணீரை இழுத்து 12 லிட்டர் ஆக்கிவிட்டால், அதே கரண்டியில் போவது 12 கிராம் பருப்பு. மிச்சப் பருப்பு அண்டாவிலேயே கிடந்து மாலையில் கொட்டப்படும். பதிவேட்டில் 1.2 கிலோ என்றுதான் இருக்கும். தவறு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு ஒரு காலை வேளை போதும். பரிமாறும் கரண்டியில் தண்ணீர் நிரப்பி அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று பாருங்கள். அதை ஆணியால் காம்பில் கீறி வையுங்கள். பிறகு அண்டாவின் உள்பக்கம் 'இன்றைக்கு இத்தனை பேர் என்றால் இதுவரை' என்று கோடு. சாம்பாரில் பருப்பு அடியில் தங்கும். மேலாக மொண்டு ஊற்றினால் முதல் வரிசைக்கு ரசம் போல ஓடும், கடைசி வரிசைக்குக் கூழ் விழும். ஒவ்வொரு நாலைந்து தட்டுக்கும் அடிவரை கிளறித்தான் மொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளை முதலில் உட்காரவைக்கும் வழக்கம் உள்ள இடங்களில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் தெளிந்த சாம்பார் அவர்கள் தட்டில்தான் விழுகிறது.

அரிசியிலும் ஒரு சங்கதி. அரசுத் திட்டங்களுக்குச் சில ஆண்டுகளாகச் செறிவூட்டப்பட்ட அரிசி வழங்கப்பட்டு வந்திருக்கிறது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற விகிதத்தில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகளைக் கலந்திருப்பார்கள். ஆறு கிலோவில் அந்த மணிகள் வெறும் 60 கிராம். கழுவும்போது அவற்றில் சில மிதக்கும், நிறமும் கொஞ்சம் வேறாகத் தெரியும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று பயந்து அவற்றை மட்டும் அள்ளி வெளியே கொட்டுகிற சமையலறைகள் உண்டு. கொட்டிவிட்டால் செறிவூட்டலே இல்லை. சாதா அரிசிதான் மிச்சம். கொட்டிய மணியோ பிளாஸ்டிக் அல்ல; அரிசியை மாவாக அரைத்துச் சத்து சேர்த்து அரிசி வடிவில் பிழிந்தது. வெந்தால் சாதத்தோடு சாதமாகிவிடும். சமையலருக்கும் பெற்றோருக்கும் இதை ஒருமுறை கையில் எடுத்துக் காட்டிச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி. 1918-ல் குன்னூரில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவு இன்று அந்த நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. தீட்டிய அரிசியை நம்பிய ஊர்களின் நோய் அது. அதனால் அரிசியைத் திரும்பத் திரும்ப அலசாதீர்கள், காயை வேகவைத்த நீரைக் கொட்டாதீர்கள், பருப்பில் ஆப்பசோடா போடாதீர்கள் என்கிற அறிவுரைகளை நூறாண்டு அனுபவம் பேசுவதாகவே எடுத்துக்கொள்ளலாம். சோடா போட்டால் பருப்பு சீக்கிரம் குழையும், ஆனால் பி1 போய்விடும். ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதே வேலை நடக்கும்.

பதினேழு வழிமுறைகள், ஆதாரத்தோடு, பொறுமையாக எழுதப்பட்டவை. 'ஏன்' என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்ல இதைவிட நல்லது இல்லை. ஆனால் அதிலுள்ள மாதிரித் தட்டை அப்படியே சுவரில் ஒட்டுவது ஆபத்து. தானியம் 250 கிராம், காய்கறி 400, பழம் 100, பருப்பும் முட்டை இறைச்சி வகையும் 85, கொட்டைகள் 35 என்பதெல்லாம் 2000 கலோரி தேவைப்படும் பெரியவர் ஒருவரின் முழு நாளுக்கு. 4 முதல் 6 வயதுப் பிள்ளையின் ஒரு நாள் தேவை 1360 கலோரி. மதியச் சாப்பாட்டின் பங்கு அதில் மூன்றில் ஒன்று. அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு நான்கு வயதுக் குழந்தைக்குக் கிண்ணம் நிறையப் பொரியல் வைத்தால் அது தொடக்கூடச் செய்யாது. தட்டின் விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எடையை விட்டுவிடுங்கள். இன்னொன்று, உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். சாதத்துக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு வைத்தால் மாவுக்கு மாவு. வாரம் இரண்டு நாளாவது கீரை இருக்கட்டும். இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும்; கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீண்.

அமெரிக்கக் கையேட்டை முதலில் பார்ப்பவர்களுக்கு இது நமக்கு எதற்கு என்று தோன்றும். கப், அவுன்ஸ், வேளைதோறும் பால், நம் சந்தையில் பார்க்காத காய்கள். பொருள் பட்டியலை அப்படியே தள்ளிவிடலாம். வைத்துக்கொள்ள வேண்டியது அதன் முறை: வாங்கிய எடை வேறு, தட்டில் விழும் எடை வேறு என்று ஒவ்வொரு பொருளுக்கும் பிரித்துக் கணக்கிடுவது. நம் அட்டவணை 'காய்கறி 50 கிராம்' என்று நிறுத்திக்கொள்கிறது. உழவர் சந்தையில் 3 கிலோ முருங்கைக்காயோ வாழைப்பூவோ வாங்கினால் 3 கிலோ பொரியல் வராது. நீங்களே ஒரு நோட்டுப் போடுங்கள். ஐந்து கிலோ சுரைக்காய் வாங்கி, தோலும் விதைப்பகுதியும் போக நான்கு கிலோ மிஞ்சியது என்றால் 80 விழுக்காடு. 3 கிலோ வேண்டுமானால் 3-ஐ 0.8-ஆல் வகுக்க, 3.75 கிலோ வாங்க வேண்டும். அடிக்கடி வாங்கும் பதினைந்து காய்களுக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டால் வருஷம் முழுக்கக் கை கொடுக்கும். முற்றின காய் வரும் மாதத்தில் கழிவு கூடும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே துறையின் காப்பகத் திட்டத்தில் 3 முதல் 5 வயதுக்கு மதியம் கால் கப் காய், கால் கப் பழம் என்று கொள்ளளவாகச் சொல்கிறார்கள். கால் கப் என்பது 60 மில்லி. பரிமாறுகிறவர் தராசைத் தேட வேண்டியதில்லை. ஒரு சின்னக் கரண்டி, தலை தட்டி. எடை அடுப்படிக்கு, கொள்ளளவு பந்திக்கு என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதே நல்லது.

அவர்கள் வெளியிட்டதில் நம் காப்பகங்கள் உடனே மொழிபெயர்த்து ஒட்ட வேண்டியது தொண்டையில் சிக்குவது பற்றிய தாள். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உருண்டையான, கெட்டியான, வழுக்கும் பொருளை அப்படியே தரக்கூடாது. துண்டு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நம் பக்கம் இதைப் பொருத்திப் பார்த்தால் பட்டியல் வேறாகும். முழு வேர்க்கடலை வேண்டாம், பொடித்துத் துவையலாகவோ உருண்டையை உதிர்த்தோ கொடுங்கள். பண்ருட்டி முந்திரியும் அப்படியே. கொண்டைக்கடலைச் சுண்டலை மசித்துத் தரவேண்டும். தேங்காய்ப் பல் போடக்கூடாது, துருவல்தான். திராட்சையை நீளவாக்கில் நான்காக அரியவேண்டும். பலாச்சுளையை நாராகக் கிழித்து, சின்னத் துண்டாக்கி, கொட்டை ஒன்றுகூடத் தட்டில் விழாமல் பார்த்துக் கொடுக்க வேண்டும். கடலூர் முதுநகர் துறைமுகத்து மீன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் முள்ளுள்ள மீன் பந்திக்கு ஆகாது. ஒரு பிள்ளைக்கு முள் பார்த்து ஊட்டலாம், இருபது பேருக்கு முடியாது.

உணவுப் பாதுகாப்புக்கு இந்த மூன்றையும் நம்பாமல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளைப் பார்க்கவேண்டும். 2020 விதிகளின்படி, தானே சமைத்துக் கொடுக்கும் பள்ளியும் பதிவு அல்லது உரிமம் பெறவேண்டும். பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டம் விற்கக்கூடாது. ஆணையத்தின் மஞ்சள் புத்தகம் வகுப்பறைக்கு நல்லது, சமையலருக்கு அதில் வேலை குறைவு.

வெளியிலிருந்து கேட்டரிங் வாங்கும் காப்பகங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, எத்தனை மணிக்கு இறக்கினீர்கள் என்பது. எட்டரைக்கு இறக்கிய சாம்பார் பன்னிரண்டரைக்குத் தட்டுக்கு வந்தால் நான்கு மணி நேரம். 60 டிகிரிக்குக் கீழே போன உணவில் கிருமி பெருகும், சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக. குத்திப் பார்க்கும் வெப்பமானி சில நூறு ரூபாய்தான்; தூக்கு வந்து இறங்கியதும் நடுவில் குத்தி, எண்ணை நோட்டில் எழுதி, வாங்கியவர் கையெழுத்துப் போடட்டும். பரிமாறுமுன் ஆசிரியர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது அரசுப் பள்ளிகளுக்கு உள்ள விதி. தனியார் காப்பகத்தில் பெற்றோர் கேட்டால் காட்டும்படி அதே பதிவேட்டை வைத்துக்கொள்வதில் ஒரு தடையும் இல்லை. சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் விளையாட்டுச் சாமான்களைப் பார்த்த கையோடு அந்த நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.