டபிள்யூ.சி.டபிள்யூ.வின் ‘மண்டே நைட்ரோ’: முடிக்கத் தெரியாத நிகழ்ச்சி

அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வை வீழ்த்தியவர் போட்டி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் தலைவர் வின்ஸ் மக்மேன் என்பதே பலரும் சொல்லும் காரணம். 1995 முதல் 2001 வரை டி.என்.டி. சேனலில் வந்த அதன் திங்கட்கிழமை நிகழ்ச்சியான ‘நைட்ரோ’வை வரிசையாகப் பார்த்தால் அந்த விளக்கம் போதாது.

தொடக்க ஆண்டுகளைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. அதுவரை எதிர் நிறுவனத்தின் மேடையில் நின்ற லெக்ஸ் லூகர் முதல் நிகழ்ச்சியிலேயே எதிர்பாராமல் வந்து நின்றதும், 1996 ஜூலையில் அதுவரை நாயகனாக இருந்த ஹல்க் ஹோகன் வில்லனாக மாறியதும் நேயர்களைக் கட்டிப்போட்டன. தொடர்ந்து 83 வாரங்கள் ரேட்டிங்கில் நைட்ரோவே முந்தியது. ஆனாலும் நல்ல மல்யுத்தம் நடந்தது ரே மிஸ்டீரியோ, எடி குரேரோ போன்ற சிறிய உடல்வாகு கொண்டவர்களின் ஆட்டங்களில்தான்.

இவ்வகை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்பே எழுதப்பட்ட கதைதான். கோளாறு அந்தக் கதையை முடிக்கும் இடத்தில் இருந்தது. 1997 முழுவதும் ஏறக்குறைய மோதாமலே அரங்கின் கூரையிலிருந்து மிரட்டிக்கொண்டிருந்த ஸ்டிங், டிசம்பரில் ஹோகனைச் சந்தித்தார். தோள்கள் தரையில் அழுந்தியவரை நடுவர் மூன்று எண்ணி முடித்தால் அவருக்குத் தோல்வி. அப்படி அவசரமாக மூன்று எண்ணி நடுவர் ஸ்டிங்குக்குத் துரோகம் செய்ய, இன்னொரு வீரர் பிரெட் ஹார்ட் அதைத் தட்டிக்கேட்டு ஆட்டத்தைத் தொடரவைக்க வேண்டும் என்பது கதை. திரையில் நாம் காண்பதோ சாதாரண வேகத்தில் எண்ணப்பட்ட மூன்று. அதாவது, ஓராண்டாகக் காத்திருந்த நாயகன் முறைப்படி தோற்றுவிட்டு, பிறகு சலுகையில் ஜெயிக்கிறார்.

தன் கதையில் தலையிடும் உரிமையை ஹோகனுக்கு ஒப்பந்தமே வழங்கியிருந்தது. மூத்த நட்சத்திரங்கள் பலருக்கு, கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம் உறுதி. இளையவர்களை மேலே ஏற்றிவிட அவர்களுக்கு என்ன அவசியம்? 1998 ஜூலையில் கோல்ட்பர்க் ஹோகனை வீழ்த்தியது அரிதான விதிவிலக்கு. தனிக் கட்டணத்துக்கு விற்றிருக்க வேண்டிய அந்த ஆட்டத்தை ஒரு வார ரேட்டிங்குக்காக இலவசமாகக் கொடுத்தது மோசமான வியாபாரம் என்றாலும், பார்ப்பவன் என்ற முறையில் அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

1999 ஜனவரி 4 நிகழ்ச்சியை மன்னிக்க முடியாது. எதிர் சேனலில் மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போகிறார் என்று வர்ணனையாளரே கேலியாக அறிவிக்க, லட்சக்கணக்கான வீடுகள் அதைப் பார்க்கச் சேனலை மாற்றின. அதே இரவில் ஹோகன் ஒற்றை விரலால் நெஞ்சைத் தொட்டவுடன் கெவின் நாஷ் மல்லாந்து விழுந்து பட்டத்தைத் தாரைவார்த்தார்.

2000-இல் குரேரோ உள்ளிட்டோர் வெளியேறினர். டேவிட் ஆர்க்வெட் என்ற நடிகர் சாம்பியன் ஆனார். அந்த ஆண்டின் நஷ்டம் 6 கோடி டாலரைத் தாண்டியது. அதையும் டி.என்.டி. சேனலை நிறுவிய டெட் டர்னர் பொறுத்திருக்கக்கூடும். ஆனால் தாய் நிறுவனமான டைம் வார்னர் இணைய நிறுவனமான ஏ.ஓ.எல்.லுடன் இணைந்தபின் அதிகாரம் அவர் கையில் இல்லை. 2001 மார்ச்சில் புதிய தலைமை தன் சேனல்களிலிருந்து மல்யுத்தத்தை நீக்கியது. ஒளிபரப்பு நேரம் இல்லாத நிறுவனத்தை வாங்க அதன் முன்னாள் தலைவர் எரிக் பிஷாஃப் திரட்டிய முதலீட்டாளர்கள் முன்வரவில்லை. பெயரையும் ஒளிப்பதிவுத் தொகுப்பையும் மக்மேன் சில மில்லியன் டாலர்களுக்கு வாங்கிக்கொண்டார்.

இன்று பார்க்க விரும்புவோர் 1996 மே மாதத்தில் தொடங்கி, கோல்ட்பர்க் வென்ற இரவோடு நிறுத்திக்கொள்ளலாம். அதன்பின் பார்க்கத் தகுந்தது, 2001 மார்ச் 26 அன்று ஸ்டிங்கும் ரிக் ஃப்ளேரும் மோதிய கடைசி ஆட்டம் மட்டுமே.