டின் ஓப்பனர்: நெம்புவதா, திருகுவதா?

கிருஷ்ணகிரியில் ஜூஸ் கடை நடத்துபவனுக்கு மாங்கூழ் கிடைப்பது பெரிய விஷயமில்லை. சீசன் முடிந்தாலும் பெங்களூரா ரக மாங்கூழ் 3.1 கிலோ டின்னில் வந்து இறங்கிவிடும். அதைத் திறப்பதுதான் பாடு. இழுத்துத் திறக்க வளையம்கூட இருக்காது. என் கடையில் அலகை மூடியில் குத்தி நெம்பிக்கொண்டே போகும் நெம்பு ஓப்பனர், கைப்பிடியைத் திருகிச் சக்கரத்தால் வெட்டும் திருகு ஓப்பனர் இரண்டுமே இருக்கின்றன. கை போவது நெம்பு பக்கம்தான்.

விலையில் நெம்பு மலிவு. வேகத்தில் திருகு முந்தும், விளிம்பும் ஒழுங்காக வரும். நெம்பினால் மூடி ரம்பம் மாதிரி பல் பல்லாக நிற்கும். "விரலை வைக்காத தம்பி, கரண்டிக் காம்பால மடக்கு" என்று கடைப் பையனிடம் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஏன் நெம்பு? கழுவுகிற வேலைக்காகத்தான். மாங்கூழில் இனிப்பும் உண்டு, புளிப்பும் உண்டு. திருகு ஓப்பனரின் பல்சக்கர இடுக்கில் அது போய் உட்கார்ந்தால் மறுநாள் காலையில் கருத்து இறுகிக் கிடக்கும். சுடுதண்ணீரில் ஊறப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட வேண்டும். இரவு மிக்சி ஜார்களைக் கழுவி முடித்த பிறகு இதற்கு யாருக்குப் பொறுமை? ஒருநாள் விட்டால் துரு. துருவேறிய சக்கரம் டின்னின் பக்கவாட்டு இணைப்பு வருகிற இடத்தில் வழுக்கும். அங்கே விளிம்பு தடிமன். நெம்பு ஓப்பனருக்கு ஒரே அலகு. நாரால் ஒரு தேய், துடைத்து ஆணியில் மாட்டு, அவ்வளவுதான். மழுங்கினால் சாணைக் கல்லில் நாலு இழுப்பு.

வயதிலும் இதுதான் மூத்தது. தகர டப்பாவுக்கு இங்கிலாந்தில் 1810-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஓப்பனர் வந்தது 1850-களில்தான். அதுவரை உளியும் சுத்தியலும்! சக்கரம் வைத்த ஓப்பனருக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1870-ல்.

மூடியைப் பக்கவாட்டில் வெட்டி எடுக்கும் புது வகையைச் சொந்தக்காரர் வீட்டில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பு கையைக் கிழிக்கவில்லை. கடைப் புழக்கத்தில் எத்தனை மாதம் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

வீட்டில் எப்போதாவது 850 கிராம் டின் திறப்பவர்கள், மணிக்கட்டு வலி உள்ளவர்கள் திருகு வகையையே வாங்கலாம். நெம்புவதற்குக் கையில் தெம்பு வேண்டும். எதில் திறந்தாலும் மீதிக் கூழை டின்னிலேயே விடாமல் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.