கென்னட்–ஏவன் கால்வாய் நடைப்பயணச் சேவை: பெட்டிக்குப் பணம் கொடுக்கலாம், கையேட்டுக்கு வேண்டாம்

வழிகாட்டி உடன் வராமல், நடப்பவர் தம் வேகத்தில் ஊர்விட்டு ஊர் நடந்துபோக ஏற்பாடு செய்துதரும் நிறுவனங்கள் இங்கிலாந்தில் நிறைய உண்டு. இரவு தங்க விடுதி, ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பெட்டியைக் கொண்டுசேர்க்கும் வண்டி, வழியை விவரிக்கும் அச்சிட்ட கையேடு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவர்கள் விற்கும் சேவை. ஹங்கர்ஃபோர்டிலிருந்து பாத் நகரம் வரை கென்னட்–ஏவன் கால்வாய்க் கரையோரமாக நடப்பதற்கு இத்தகைய ஒரு நிறுவனத்திடம் நானும் என் மனைவியும் முன்பதிவு செய்திருந்தோம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்தச் சேவையின் எந்தப் பகுதி கொடுக்கும் காசுக்குத் தகும், எந்தப் பகுதி தகாது என்பதுதான் வாங்க நினைப்பவருக்குப் பயன்படும் செய்தி.

முதலில் கால்வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெடிங் நகரில் தேம்ஸ் நதியையும் மேற்கே பிரிஸ்டலையும் இணைக்கும் இந்த நீர்வழியின் மொத்த நீளம் சுமார் 140 கிலோமீட்டர். ஜான் ரென்னி என்ற பொறியாளரின் திட்டப்படி 1810-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பின்னால் வந்த ரயிலோடு போட்டியிட முடியாமல் 1852-இல் ரயில் நிறுவனத்தின் கைக்கே போய், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பாதி வறண்டு தூர்ந்து கிடந்ததைத் தன்னார்வலர்கள் பல்லாண்டுகள் பாடுபட்டு மீட்டனர். 1990-இல் எலிசபெத் அரசி அதை மீண்டும் திறந்துவைத்தார். படகுகளைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்த காலத்தில் அக்குதிரைகள் நடப்பதற்காகப் போட்ட கரைப்பாதைதான் இன்று நடப்பவர்களின் பாதை. பாரம் இழுக்கும் குதிரைக்காகப் போட்டதால் அதில் ஏற்றம் என்பது அநேகமாக இல்லை. பழைய பாலங்கள் சிலவற்றின் வளைவு விளிம்பில் கயிறு உரசி உரசி விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருப்பதைத் தொட்டுப் பார்க்கலாம். 2012 முதல் கால்வாய் மற்றும் நதி அறக்கட்டளை இதைப் பராமரிக்கிறது. நடப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

இத்தகைய பாதைக்குக் கையேடு எதற்கு என்ற கேள்வி முதல் நாளிலேயே எழுந்துவிட்டது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் முட்செடி வேலி. தண்ணீரை விட்டு விலகாமல் மேற்கு நோக்கி நடந்தால் தொலைந்துபோக வாய்ப்பே இல்லை. ஒவ்வொரு பாலத்திலும் எண் பொறித்திருப்பதால் எங்கே நிற்கிறோம் என்பதும் தெரிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் கையேடு பாலம் பாலமாக, “பாலத்தின் அடியில் நுழைந்து கரையோரமாகத் தொடர்ந்து செல்லவும்” என்ற ஒரே வாக்கியத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பிச் சொல்கிறது. உண்மையில் வழி சொல்ல வேண்டிய இடங்கள் கரையில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று புரூஸ் சுரங்கம். கால்வாயின் மிக உயரமான பகுதியான உச்சிமட்டத்தில், 459 மீட்டர் நீளமுள்ள இந்தச் சுரங்கத்துக்குள் கரைப்பாதை கிடையாது. தம் நிலத்தின் குறுக்கே ஆழமான வெட்டுப்பள்ளம் வரக்கூடாது என்று எய்ல்ஸ்பரி பிரபு பிடிவாதம் பிடித்ததால் சுரங்கமே தோண்ட வேண்டியதாயிற்று. குதிரைகளை மேட்டின் மேலாக நடத்திக்கொண்டு போய்விட, படகுக்காரர்கள் சுவரில் பொருத்திய சங்கிலியைக் கையால் பிடித்து இழுத்தே படகை உள்ளே நகர்த்தினார்கள். இன்றைய நடையாளரும் குதிரை போன வழியாகவே மேட்டில் ஏறி இறங்க வேண்டும். இந்த இடத்தைக் கையேடு சரியாகவே சொல்கிறது.

அதற்குச் சற்று முன்னால் வருகிற கிராஃப்டன் நீரேற்று நிலையத்துக்கு அது தரும் இடம் இரண்டே வரி. இந்தத் தடத்தை விற்பவர்கள் செய்யக்கூடாத காரியம் இது. உச்சிமட்டத்துக்கு இயற்கையாக நீர் வந்துசேர வழியில்லாததால், சுமார் 12 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றிக்கொடுக்க 1812-இல் அமைத்த, போல்ட்டன்–வாட் நிறுவனத்தின் நீராவி எந்திரம் அதே கட்டடத்தில், அதே வேலையைச் செய்யும் நிலையில் இன்னமும் இருக்கிறது. அன்றாட வேலையை இப்போது மின்பம்புகள் பார்த்துக்கொள்கின்றன. ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்களில் மட்டும் கொதிகலனை மூட்டி எந்திரத்தை ஓட்டிக்காட்டுகிறார்கள். பயணத் தேதியை அந்த நாள்களோடு பொருத்திக்கொள்ளும்படி முன்பதிவின்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வூட்டன் ரிவர்ஸ் கிராமத்தைத் தாண்டினால் டிவைசஸ் வரை 15 மைலுக்கு, அதாவது 24 கிலோமீட்டருக்கு, ஒரு லாக் கூடக் கிடையாது. மேல்மட்டக் கதவுக்கும் கீழ்மட்டக் கதவுக்கும் நடுவே படகை நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும் அமைப்புக்குத்தான் லாக் என்று பெயர். ரென்னி பியூசி பள்ளத்தாக்கின் ஓரமாக ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு கால்வாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோனதால் இந்த நீண்ட பகுதியில் லாக்குக்கு வேலை இல்லை. படகுகளுக்கு மணிக்கு 4 மைல் என்பது வேக வரம்பு. நின்றிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைத்துவிடுவதால், நிதானமாக நடப்பவரும் படகும் ஒருவரையொருவர் மாறி மாறி முந்திக்கொண்டே போகலாம். ஒதுங்கி நிற்கும் குறும்படகுகளின் கூரையில் விறகு, நிலக்கரி மூட்டை, மிதிவண்டி, கொத்தமல்லி வளர்ந்த தொட்டி என்று ஒரு குடித்தனமே ஏறியிருக்கிறது. நிலையான துறை இல்லாமல் படகிலேயே வாழ்பவர்கள் ஓரிடத்தில் பொதுவாக 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பது விதி. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நடப்பது முற்பகல் வரை இனிமையாகவே இருக்கும். பிற்பகலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரே மாதிரி நடையால் முழங்காலும் மனமும் ஒருசேரச் சலித்துப்போகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்தச் சலிப்புக்கு மருந்து வலப்பக்கத்திலேயே நிற்கிறது. ஹனிஸ்ட்ரீட் என்ற சிற்றூருக்கு வரும்போது, கால்வாய்க்கு வடக்கே பசும்புல் போர்த்திய சுண்ணக்குன்றுகள் வெகு அருகில் வந்துவிடுகின்றன. அவற்றின் சரிவில் ஆல்டன் பார்ன்ஸ் வெள்ளைக் குதிரை தெரிகிறது. மேல்மண்ணை வெட்டியெடுத்து, அடியிலுள்ள வெண்சுண்ணம் தெரியும்படி 1812-இல் உருவாக்கிய குதிரை இது. வெட்டச் சொன்ன விவசாயியிடம் 20 பவுண்டு முன்பணம் வாங்கிய ஓவியர், வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுப் பணத்தோடு ஓடிப்போனதாகச் சொல்லப்படுகிறது. முழுத்தொகையையும் முன்கூட்டியே கட்டிவிட்டு நடக்க வந்தவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் உறைக்கவே செய்யும். ஹனிஸ்ட்ரீட்டிலிருந்து வடக்கே திரும்பினால் ஆல்டன் பார்ன்ஸ், ஆல்டன் பிரையர்ஸ் என்ற இரட்டைக் கிராமங்கள். இரண்டின் தேவாலயங்களுக்கும் நடுவே மேய்ச்சல் நிலத்தின் ஊடாகக் கல் பாவிய ஒற்றையடிப் பாதை போகிறது. ஆல்டன் பிரையர்ஸ் தேவாலய முற்றத்து யூ மரத்தின் வயது 1,700 ஆண்டு என்கிறார்கள். அதன் அடிமரம் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளியோடு நிற்கிறது. அங்கிருந்து மேலே ஏறினால் ஆடம்ஸ் கிரேவ் என்ற புதிய கற்கால ஈமமேடு, அதற்கு மேற்கே குதிரை, அதற்கும் மேலே வில்ட்ஷயர் மாவட்டத்தின் மிக உயரமான இடமான மில்க் ஹில். கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் 295 மீட்டர்தான். கால்வாய்க் கரையிலிருந்து கணக்கிட்டால் 160 மீட்டருக்குச் சற்று மேல். மூச்சு வாங்கினாலும் நின்று நின்று ஏறிவிடலாம். ஆடுமாடு மேய்ந்து மேய்ந்து குட்டையாகிப்போன புல்லில் கால் வைப்பதே தனிச் சுகம். கோடையில் காட்டு ஆர்க்கிட் பூக்களும் சிறு நீல வண்ணத்துப்பூச்சிகளும் காலடியிலேயே கிடைக்கும். உச்சியில் நின்றால், அதுவரை நடந்த கால்வாய் பள்ளத்தாக்கின் விளிம்பில் எங்கெங்கே வளைந்து வந்தது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது.

இந்தக் குன்றுப் பகுதிக்குக் கையேடு ஒதுக்கியது “விருப்பமுள்ளோர் குன்றின் மேல் ஒரு சுற்று போய்வரலாம்” என்று தொடங்கும் அரைப் பக்கம். “இரண்டாவது வாயிலைத் தாண்டியதும் வேலியை ஒட்டி இடப்பக்கம் திரும்பவும்” என்று அதில் எழுதியிருந்த இடத்தில் வாயில் ஒன்றுதான் இருந்தது, வேலியோ இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் எடுக்கப்பட்டிருந்தது. மேய்ச்சலுக்காக வேலிகளை மாற்றியமைப்பது அங்கே இயல்பான காரியம். ஆண்டுக்கொரு முறையாவது ஆள் அனுப்பி நடந்து பார்க்காமல் பழைய பக்கத்தையே மறுபடி மறுபடி அச்சடிப்பதுதான் தவறு. தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, அது கூடுதல் வழி மட்டுமே என்றும் அதற்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்றும் பணிவாகப் பதில் வந்தது. தேவையே இல்லாத இடத்தில் விரிவாகவும், தேவைப்படும் இடத்தில் கஞ்சத்தனமாகவும் எழுதியிருக்கும் கையேட்டுக்குக் காசு கேட்பது நியாயமில்லை.

கையேட்டை நம்புவதை விட, பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரிசையில் 157-ஆம் எண் வரைபடத்தை வாங்கிக்கொள்வதே மேல். 1:25,000 அளவில் வரைந்தது. தரையின் ஒரு கிலோமீட்டர் தாளில் 4 சென்டிமீட்டராக வருகிறது. பொது நடைபாதை உரிமையுள்ள வழிகள் பச்சைப் புள்ளிக்கோடுகளாகவும், 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் எங்கும் நடக்கலாம் என்று திறந்துவிட்ட நிலங்கள் வெளிர்மஞ்சளாகவும் இருக்கும். வயல்களுக்கு இடையிலான வேலிகளும் அதில் இருப்பதால், வேலியின் எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்பது வரை தெரிந்துவிடும். களத்தில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமான வழி, நீல அம்பு குதிரைக்காரர்களுக்கும் உரியது. இவ்வளவு தெரிந்தால் போதும். இந்தத் தாளில் அடங்காத மேற்குப் பகுதியில் கால்வாயை விட்டு விலகும் தேவை குறைவு.

சேவையின் உண்மையான மதிப்பு பெட்டி வண்டியில்தான் இருக்கிறது. காலை 9 மணிக்குள் விடுதி வாசலில் பெட்டியை வைத்துவிட்டால், மாலையில் போய்ச் சேரும்போது அடுத்த விடுதி அறையில் அது காத்திருக்கும். ஒரு நாளும் தவறவில்லை, ஒரு பெட்டியும் நசுங்கவில்லை. தோளில் தண்ணீர்க் குப்பி, மழைச்சட்டை, சிறிது தின்பண்டம் மட்டும் சுமந்து நடப்பதால்தான் குன்றேறும் ஆசையே வருகிறது. ஆனால் இந்த வசதி தடம் முழுவதும் ஒரே அளவுக்குத் தேவைப்படுவதில்லை. ஹங்கர்ஃபோர்டு, கிரேட் பெட்வின், பியூசி ஆகிய மூன்று ஊர்களிலும் ரயில் நிலையம் உண்டு. கால்வாயை ஒட்டியே தண்டவாளம் ஓடுவதால், லண்டனிலிருந்து காலையில் வந்து நடந்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். டிவைசஸ் ஊருக்கு 1966-இல் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பியூசியிலிருந்து டிவைசஸ் வழியாக பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் வரையிலான இடைப்பகுதிதான் பெட்டி வண்டியும் முன்பதிவு செய்த படுக்கையும் இல்லாமல் சிரமப்படும் பகுதி. ஆகவே முழுத் தடத்தையும் வாங்காமல் இந்த இடைப்பகுதியை மட்டும் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். நாங்கள் விசாரித்தபோது அதற்கும் தனி விலை சொன்னார்கள்.

விடுதிகள் எளிமையானவை, சுத்தமானவை. சைவம் உண்பவர்கள் முன்பே சொல்லிவிட்டால் காலை உணவில் முட்டை, காளான், பீன்ஸ், வாட்டிய தக்காளி, ரொட்டி என்று வயிறு நிறையக் கொடுக்கிறார்கள். பகலில்தான் சிக்கல். வழியிலுள்ள கிராமங்கள் பலவற்றில் கடையே இல்லை. பப்களின் சமையலறை பெரும்பாலும் மதியம் 2 அல்லது 2:30 மணிக்கு மூடி மாலையில்தான் மறுபடி திறக்கும். குன்றேறிவிட்டு 3 மணிக்கு இறங்கி வருபவருக்கு உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. விடுதியில் கேட்டால் மதியத்துக்கு சாண்ட்விச் கட்டித் தருவார்கள்.

டிவைசஸ் ஊரைத் தாண்டியதும் வரும் கேன் ஹில்லைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். சுமார் 3 கிலோமீட்டருக்குள் 72 மீட்டர் இறங்குவதற்கு மொத்தம் 29 லாக்குகள். அவற்றில் 16 ஒரே நேர்கோட்டில் படிக்கட்டாக இறங்குகின்றன. கதவோடு சேர்ந்த நீண்ட மரக்கட்டையில் முதுகைச் சாய்த்து, கல்லில் குதிகாலை ஊன்றிப் பின்பக்கமாகவே தள்ளித் திறக்கும் படகுக்காரர்களைப் பார்க்க அரைமணி ஒதுக்குங்கள். முழு வரிசையையும் கடக்கப் படகுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

டிவைசஸிலிருந்து பாத் வரையிலான கரைப்பாதை தேசிய மிதிவண்டித் தடம் எண் 4-இன் பகுதியும் ஆகும். பிராட்ஃபோர்டுக்கு அப்பால், அதுவும் வார இறுதியில், மணியோசை கேட்டு ஒதுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கூடுமானால் கடைசிப் பகுதி வாரநாளில் விழும்படி முன்பதிவு செய்யுங்கள். ஆனால் ஏவன் நதிக்கும் ரயில் பாதைக்கும் மேலாகக் கால்வாயையே தாங்கிச் செல்லும் டண்டாஸ் தொட்டிப்பாலம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 1805-இல் கட்டி முடித்த அந்தக் கல்பாலத்தின் அழகு தெரிய வேண்டுமானால், மேலே நடந்து கடந்துவிடாமல் கீழே நதிக்கரைக்கு இறங்கிப் பார்க்க வேண்டும். நடந்தது போதும் என்று தோன்றினால் அதற்கு முன்னரே ஏவன்கிளிஃப் நிலையத்தில் ரயில் ஏறி பாத் போய்விடலாம், பெட்டி எப்படியும் அங்கே வந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே நடைமேடை மிகச் சிறியது, கையைக் காட்டினால்தான் ரயில் நிற்கும்.