டேப் பேக்கப் மெதுவாக ஓடுகிறதா? டிரைவை மாற்றச் சொன்னால் உடனே பணம் கொடுக்காதீர்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர், கல்லூரி என்று எங்காவது சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆண்டு ஒப்பந்தத்தில் வந்துகொண்டிருந்த ஒரு சர்வீஸ்காரர், தேவையே இல்லாமல் டேப் டிரைவை (காந்த நாடாவில் டேட்டாவை எழுதும் கருவியை) மாற்றவைத்து, எங்களிடம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கிவிட்டார். பெயர் போடவில்லை. அவர் செய்த விதம் தெரிந்தால் போதும், வேறு யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

நான் வேலை பார்ப்பது நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டர். சிடி, எம்ஆர்ஐ படங்கள் முழுவதையும் வாரம் ஒருமுறை எல்டிஓ-6 டேப்பில் (எல்டிஓ என்பது பேக்கப்புக்கான காந்த நாடா வகை, 6 அதன் தலைமுறை எண்) எடுத்து வைப்போம், சுமார் ஒன்றரை டெராபைட் வரும். சனிக்கிழமை ராத்திரி தொடங்கினால் ஞாயிறு காலையில் முடிந்திருக்கும். ஐப்பசி மழையில் ஒருநாள் இடி விழுந்து, கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் எரிந்துபோனது. இதே சர்வீஸ்காரர்தான் வந்து வேறு சுவிட்ச் வைத்தார். ரேக்கில் இருந்த கேபிள்களின் முனையை வெட்டி, புது பிளக்கும் அடித்துக் கொடுத்தார். அந்த வாரத்திலிருந்து பேக்கப் திங்கட்கிழமை காலை பத்து மணியைத் தாண்டி இழுத்தது. வெளியே நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, உள்ளே டாக்டர் பழைய படத்தைத் திறந்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

கூப்பிட்டதும் வந்தார். முதலில் கிளீனிங் டேப் போட்டார். வரும்போதெல்லாம் அதைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பில் கொடுத்தார். கிளீனிங் வேண்டுமென்றால் டிரைவே விளக்குப் போட்டுக் கேட்கும். கேட்காதபோது போட்டுத் தேய்த்தால், டேப்பைப் படித்து எழுதும் ஹெட்டுக்குத்தான் கேடு. அப்புறம், "ஹெட் தேஞ்சு போச்சு சார், டிரைவ மாத்தாம ஒண்ணும் நடக்காது" என்று நேராக டாக்டரிடமே போய்ச் சொன்னார். வேகம் நொடிக்கு 11 எம்பியிலேயே அசையாமல் நிற்கிறது, பழுதான டிரைவ் இப்படி ஒரே அளவில் நிற்காது என்று நான் சொன்னேன். "தம்பி, இதுல எனக்கு எத்தன வருஷ அனுபவம் தெரியுமா?" என்று வாயை அடைத்துவிட்டார். பழைய டிரைவை எக்ஸ்சேஞ்ச் என்று எடுத்துப்போய், 'புதியது' என்று பில்லில் எழுதி ஒன்றை மாட்டினார்.

அதே 11. உடனே டேப்தான் டூப்ளிகேட் என்றார். பெட்டியில் 6.25 டெராபைட் என்று போட்டிருக்கிறது, உங்கள் டேப் அவ்வளவு பிடிக்கவில்லையே என்பது அவர் காட்டிய சான்று. எல்டிஓ-6 டேப்பின் உண்மையான கொள்ளளவு 2.5 டெராபைட். அந்த 6.25 என்பது டேட்டா இரண்டரை மடங்கு சுருங்கினால் கிடைக்கும் கணக்கு. ஏற்கெனவே சுருக்கி வைத்த படங்கள் மேற்கொண்டு சுருங்காது. ஆனாலும் ஒரு பெட்டி டேப்பைத் தலையில் கட்டினார். கடைசியாக எல்டிஓ-8 டிரைவுக்குப் போய்விடலாம் என்று ஆரம்பித்தார். எல்டிஓ-8 டிரைவ் ஏழையும் எட்டையும் மட்டுமே படிக்கும். எங்கள் எல்டிஓ-6 டேப்புகளில் இருக்கும் இத்தனை வருடப் படங்களை அதில் திறக்கவே முடியாது. அதை அவர் வாயே திறந்து சொல்லவில்லை. என்னால் இன்றும் பொறுக்க முடியாதது இதுதான்.

டாக்டரிடம் அனுமதி வாங்கி நானே உட்கார்ந்து பார்த்தேன். டேப் டிரைவ் மாட்டியிருக்கும் சர்வரின் சொந்த டிஸ்க்கிலிருந்தே ஒரு பெரிய ஃபைலை டேப்புக்கு எழுதவிட்டேன். நெட்வொர்க்கே இதில் வராது. வேகம் 150-ஐத் தாண்டியது. எல்டிஓ-6-இன் முழு வேகமே 160 தான். அப்படியென்றால் கோளாறு டேட்டா வரும் வழியில், அதாவது நெட்வொர்க்கில் இருக்கிறது. 100 மெகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு 11, 12 எம்பிதான் போகும். ஜிகாபிட்டில் (1000 மெகாபிட்) 110 வரை வரும். சுவிட்சில் பார்த்தால், எங்கள் சர்வர் போர்ட் 100-இல்தான் நின்றது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி போன்ற அந்த பிளாஸ்டிக்குக்குள் ஏழு வயர்கள் முனை வரை போயிருந்தன. பிரவுன் வயர் மட்டும் தங்க நிறப் பின்னைத் தொடாமல் பாதியிலேயே நின்றது. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடி வயர்களும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். அதனால் இணைப்பு அறுந்துபோகாமல், சத்தமில்லாமல் வேகம் மட்டும் இறங்கிவிட்டது. அவர் அடித்த பிளக் அது.

வேறு பிளக் அடித்ததும் வேகம் ஏறியது. ஆனாலும் டிரைவிலிருந்து கிர்ர் என்று ஓடி, நின்று, மறுபடி ஓடும் சத்தம் விட்டுவிட்டு வந்தது. சிடி படத்தில் ஒவ்வொரு ஸ்லைஸும் அரை எம்பி அளவுள்ள தனி ஃபைல். ஒரு ஆளுக்கே நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவதற்குள் டேட்டா வரத்து குறைந்துவிடும். டேப்போ நொடிக்குச் சில மீட்டர் ஓடுவது. டேட்டா வரவில்லையென்றால் நின்று, பின்னால் போய், மறுபடி வேகம் எடுக்க வேண்டும். நிறுத்தத்தைத் தாண்டிப் போன பஸ் ரிவர்ஸ் எடுத்து வருவது மாதிரி. நேரமும் போகும், டேப்பும் ஹெட்டும் தேயும். இப்போது படங்களை முதலில் சர்வரின் எஸ்எஸ்டியில் (வேகமான டிஸ்க்) பெரிய மூட்டைகளாகக் கட்டி, அங்கிருந்து டேப்புக்கு அனுப்புகிறோம். சத்தமும் நின்றது, ஞாயிறு காலையில் வேலையும் முடிகிறது.

அதோடு விடவில்லை. டிரைவ் தயாரிப்பாளர்கள் இலவசமாகத் தரும் சோதனை மென்பொருளை ஓடவிட்டேன். 'புதிய' டிரைவ் ஏற்கெனவே பல வருடம் மின்சாரத்தில் ஓடியது என்று மணிக்கணக்கோடு வந்தது. அவர் தலையில் கட்டிய டேப்புகளும் அப்படித்தான். ஒவ்வொரு எல்டிஓ கார்ட்ரிட்ஜிலும் ஒரு சிறு சிப் உண்டு, கடைசியாக எந்தெந்த டிரைவில் போட்டார்கள் என்று சீரியல் எண்ணோடு அதில் இருக்கும். அந்த டேப்புகளில் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத எண்கள் இருந்தன.

அறிக்கையை நீட்டியபோது, "கம்பெனிலேந்து அப்படித்தான் வந்துச்சு சார்" என்றார். பழைய டிரைவைக் கேட்டால் விற்றாகிவிட்டது என்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். 2019 சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் கணக்கில் வரமாட்டார், அங்கே போனால் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள் என்றார். இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.

யாராவது டிரைவை மாற்றச் சொன்னால், நெட்வொர்க் இல்லாமல் உள் டிஸ்க்கிலிருந்து எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பில்லில் சீரியல் எண் இருக்கட்டும். ஓடிய மணிக்கணக்கைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள், பழைய டிரைவை அதுவரை வெளியே விடாதீர்கள். ஐப்பசிக்குப் பிறகு இந்தப் பக்கம் யாராவது பழைய எல்டிஓ-6 டிரைவ் வாங்கியிருந்தால் சீரியல் எண்ணைச் சொல்லுங்கள். எங்களுடைய எண் பழைய பில்லில் இருக்கிறது, ஒத்துப் பார்த்துவிடலாம்.