மரை சேராத ரூட்டர் பேஸும் 450 ரூபாய் புஷ்ஷும்

பேத்திக்குத் தேக்கில் பல்லாங்குழிப் பலகை செய்துகொண்டிருந்தேன். பதினான்கு குழியும் முடிந்த பிறகு, இரண்டு ஓரத்திலும் பித்தளையில் ஒரு மயில் பதிக்கலாமே என்று ஆசை வந்தது. 1 மி.மீ. தகட்டில் மயில் வெட்டுவது பெரிய வேலையில்லை. கோவை ராஜ வீதிப் பக்கம் நகைப் பட்டறைக்காரர்கள் வாங்கும் கடையில் சின்ன ரம்பமும் 3/0 பிளேடும் வாங்கிக்கொண்டேன். நாலு பிளேடு ஒடிந்தாலும் மயில் வந்துவிட்டது. அது உட்கார மரத்தில் ஒரே ஆழத்துக்குப் பள்ளம் எடுப்பதுதான் பாடு. உளியில் எடுத்தால் ஒரு பக்கம் முக்கால் மில்லி, இன்னொரு பக்கம் ஒன்றரை. வீட்டில் இருக்கும் ட்ரிம் ரூட்டரை (மரத்தில் பள்ளம் எடுக்கும் கை இயந்திரம்) மயிலின் கொண்டைக்குள் விட்டால் பிட் (வெட்டும் முனை) எங்கே, கோடு எங்கே என்று கண்ணுக்கே தெரியாது.

ஆகவே ஆன்லைனில் 1,350 ரூபாய்க்கு ஒரு குட்டி ரூட்டர் பேஸ் வாங்கினேன். ரோட்டரி டூலின் (பிட்டைச் சுழற்றும் சின்ன கை மோட்டார்) மூக்கை அதில் திருகி மாட்டினால் சின்ன ரூட்டர் ஆகிவிடும். இரண்டு ஸ்டீல் கம்பி, அதில் ஏறி இறங்கும் அலுமினிய பிளாக், அடியில் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தட்டு. கிட்டார் செய்பவர்கள் சிப்பி பதிக்க இந்த மாதிரி பேஸைத்தான் வைத்திருக்கிறார்கள். விற்றவர்கள் போட்டிருந்த வாசகம்: ‘எல்லா ரோட்டரி டூலுக்கும் பொருந்தும்.’

என்னிடம் இருப்பது 1,900 ரூபாய்க்கு வாங்கிய ஊர் பேர் தெரியாத டூல். மூக்கு மூடியைக் கழற்றிவிட்டு பேஸில் திருகினேன். ஒரு சுற்று வெண்ணெய் மாதிரி போனது. இரண்டாவது சுற்றில் இறுக்கம். மூன்றாவதில் நின்றுவிட்டது. புதுசுதானே, கொஞ்சம் அழுத்தினால் போகும் என்று அழுத்தினேன். முப்பது வருடம் டூல் ரூமில் வேலை பார்த்தவன் செய்யக்கூடிய காரியமா அது? கழற்றிப் பார்த்தால் மூக்கின் பிளாஸ்டிக் மரையில், அதாவது திருகு வரியில், வெள்ளையாக ஒரு சீவல் தொங்குகிறது.

சரி, டெஃப்லான் டேப் சுற்றி, ஏறிய இரண்டு மரையிலேயே ஓட்டிப் பார்ப்போம் என்று அடுத்த புத்திசாலித்தனம். முப்பது விநாடி ஓடியிருக்கும். அதிர்வில் டூல் தளர்ந்து, பிட் மரத்துக்குள் குத்தி இறங்கி, நல்ல தேக்குத் துண்டில் ஓர் ஓட்டை. பலகையில் கை வைக்காமல் கழிவுத் துண்டில் பார்த்தது ஏதோ புண்ணியம். யாரும் அந்த டேப் வேலையை முயற்சி செய்யாதீர்கள்.

அப்புறம்தான் மரைக்கு மரை உள்ள இடைவெளியை, அதாவது பிட்ச்சைப் பார்க்கும் பிட்ச் கேஜைத் தேடி எடுத்தேன். வெர்னியரில் விட்டம் மட்டும் அளந்தால் இந்தக் கோளாறு பிடிபடாது. பேஸின் மரையும் என் டூலின் மரையும் விட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். பேஸில் இருப்பது முக்கால் இஞ்ச், இஞ்சுக்கு 12 மரை. ட்ரெமெல் கம்பெனி ரோட்டரி டூல்களின் மூக்கில் இருப்பது அதுதான். என் டூலில் இருப்பது மெட்ரிக்: 19 மி.மீ., பிட்ச் 2. முக்கால் இஞ்ச் என்றால் 19.05 மி.மீ. என்பதால் வாயில் வைத்ததும் ஏறிவிடுகிறது. ஆனால் இஞ்சுக்கு 12 மரை என்றால் பிட்ச் 2.117. சுற்றுக்குச் சுற்று 0.117 தள்ளிப்போகிறது. மூன்றாவது சுற்றில் வித்தியாசம் மூன்றில் ஒரு மில்லியைத் தாண்டிவிடும். மரை மேல் மரை உட்காரும். உறுதி செய்துகொள்ள எதிர் வீட்டுப் பையனின் ட்ரெமெல் 3000-ஐ வாங்கி மாட்டினேன். கடைசி மரை வரை விரலாலேயே போனது. பேஸ் மேல் தப்பில்லை, விளம்பரத்தின் மேல்தான் தப்பு.

திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை பக்கத்தில் இருக்கும்போது எதற்கு என்று எடுத்துக்கொண்டு போனேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு அடாப்டர் வளையம் போட்டுத் தரச் சொன்னேன். லேத் மாஸ்டர் டூலையும் பேஸையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏனுங்ணா, ரெண்டும் ஒரே சைஸு. உள்ள மரை, வெளிய மரைன்னு வளையம் போட நடுவுல எடம் வேணுமில்லீங்? பேஸையே பெருசா குடைஞ்சு புஷ் அடிச்சுக்கலாமுங்.”

புஷ் என்றால் துளைக்குள் அடித்து இறுக்கும் குழாய்த் துண்டு. இந்த வழியை நானே யோசித்திருக்க வேண்டும். ரிடையர் ஆனால் மூளையும் ரிடையர் ஆகிவிடும் போலிருக்கிறது.

பிளாக்கை லேத்தின் நாலு ஜா சக்கில் பிடித்து, துளை நடு பிசகாமல் சுற்றுகிறதா என்று டயல் வைத்துப் பார்த்தார். பழைய மரை முழுக்கப் போகும்படி 25 மில்லிக்கு போரிங். பித்தளைக் கம்பியில் அதற்கு ஒரு புஷ், மேலே சின்ன காலர். உள்ளே 17 மில்லிக்குக் குடைந்து, 2 மில்லி பிட்ச் வைத்து மரை வெட்டினார். 19-க்கு 2 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) கடைகளில் சுலபத்தில் கிடைக்காது, 18-ம் 20-ம்தான் இருக்கும்; அதனால் லேத்தில் வெட்டுவதே வழி. ஒவ்வொரு வெட்டுக்கும் டூலைக் கொண்டுபோய் வைத்து வைத்துப் பார்த்தார். மூக்கு பிளாஸ்டிக் என்பதால் மரையை மயிரிழை தளர்வாகவே விடச் சொன்னேன். புஷ்ஷை பேஸில் பிரஸ் ஃபிட்டாக அடித்து, ஓரத்தில் இரண்டு சொட்டு லாக்டைட் பசை. மொத்தம் 450 ரூபாய், ஒரு டீ.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை நேர் பார்ப்பது. டூலில் பிட்டைப் பிடிக்கும் காலெட்டில் 3 மில்லி நேர்க்கம்பி ஒன்றைப் பிடித்து மூலைமட்டம் வைத்தேன். கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் தட்டை முனை பிட்டைப் போட்டு, பெருவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் எடுத்து நகத்தால் தடவினால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மெல்லிய படி தட்டுகிறது. இடமிருந்து வலம் தடவினால் தட்டும், வலமிருந்து இடம் வந்தால் வழுக்கும். அப்படியென்றால் பிட் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அக்ரிலிக் தட்டைக் கழற்றி, ஒரு பக்கத் திருகுக்கு அடியில் மட்டும் பில் பேப்பர் ஒரு துண்டு வைத்தேன். தட்டுவது நின்றுவிட்டது. அந்தத் தட்டில் திருகுத் தலைகள் வேறு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டு மரத்தைக் கீறின; திருகுக் குழியை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்த வேண்டியிருந்தது. 1,350 ரூபாய் வாங்குகிறவர்கள் அதையாவது பார்த்து அனுப்பியிருக்கலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு, வேலை என்னவோ பிரமாதம். ஆழம் வைக்க அளவுகோலே தேவையில்லை. மயில் வெட்டிய தகட்டின் மிச்சத்தில் இரண்டு துண்டை பேஸின் இரு பக்கமும் அடியில் கொடுத்து, பிட் மேசையைத் தொடும்வரை இறக்கி, பூட்டி, துண்டுகளை எடுத்துவிட்டால் ஆழம் தகட்டின் கனத்துக்கே நிற்கும். நான் ஒரு காகித அளவு குறைத்துக்கொண்டேன். பித்தளை சற்று மேலே நின்றால்தான் பிறகு தேய்த்துச் சமன் செய்ய முடியும். 1 மில்லி கார்பைடு பிட், ஒரு தடவைக்கு அரை மில்லி, டூலின் வேகம் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பள்ளத்துக்குள் கடிகாரம் சுற்றும் திசையில் போனால் பிட் இழுக்காது. அவசரப்பட்டு எதிர்த்திசையில் போன இடத்தில் ஒரு பிட் ஒடிந்தது, தோகையில் ஒரு கண்ணும் பெரிதாகிவிட்டது. தேக்குத் தூளையே பசையில் குழைத்து அடைத்திருக்கிறேன்.

தூள் கோட்டை மறைப்பதுதான் பெரிய தொல்லை. வாயால் ஊதினால் கண்ணில் அடிக்கும். பழைய மீன் தொட்டி பம்பின் குழாயைப் பிட் பக்கத்தில் கட்டிவிட்டேன், கோடு பளிச்சென்று தெரிகிறது.

குறை என்று இன்னும் இரண்டு. டூலின் கனம் முழுக்க மேலே இருப்பதால் பலகை ஓரத்தில் பேஸ் பாதி வெளியே வந்ததும் கவிழப் பார்க்கும். அதே கனத்தில் ஒரு கட்டையைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கம்பிக்கும் பிளாக்குக்கும் நடுவே லேசான ஆட்டம் இருக்கிறது. பூட்டுத் திருகை இறுக்கினால் போய்விடும், ஆனால் ஓட்டத்திலேயே ஏற்றி இறக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ட்ரெமெல் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம், பெட்டியைப் பிரித்ததும் மாட்டிவிடலாம். என் மாதிரி மலிவு டூல் என்றால் முதலில் மூக்கு மரைக்கு பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள். 2 மில்லி வந்து, பக்கத்தில் லேத்தும் இருந்தால் வாங்குங்கள். லேத் இல்லாத ஊரில் வேண்டாம்.

இந்த டூலின் கார்பன் பிரஷ் இப்போதே பொறி பறக்கிறது. டூலே போனால் ட்ரெமெல்லே வாங்கலாம் என்றிருக்கிறேன். அப்போது இந்த புஷ் உதவாதே என்று மாஸ்டரிடம் கேட்டேன். “தட்டி எடுத்துட்டு பன்னெண்டு மரைல இன்னொன்னு அடிச்சுக்கலாமுங்ணா, டூலை மட்டும் மறக்காமக் கொண்டு வாங்” என்றார்.