புதிய மன்றமா, இருக்கிற சங்கத்துக்குள் ஒரு பிரிவா?

வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலோ, வானியல் ஆர்வலர் பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் அடுத்த கேள்வி இதுதான்.

தனி மன்றம் என்றால் முதலில் யாப்பு, அதாவது மன்றத்தின் விதிகளை எழுதிய ஆவணம். நோக்கம், அங்கத்துவம், தேர்தல், நிறைவெண், காசு, கலைப்பு: ஆறு பகுதி போதும். தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் படிக்கிற இடம். ஆங்கிலப் பிரதியும் வேண்டும். அதிகம் சறுக்குவது நிறைவெண்ணில், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய ஆகக் குறைந்த அங்கத்தவர் தொகையில். அங்கத்தவரில் பாதி என்று எழுதினால், பரீட்சைக் காலத்தில் ஒரு கூட்டமும் செல்லாது. நான்கில் ஒன்று என்று வையுங்கள். அடுத்தது பெரும்பொருளாளர், அதாவது மன்றக் காசுக்குப் பொறுப்பாக நிற்கும் விரிவுரையாளர். பெயருக்குச் சம்மதிக்கும் விரிவுரையாளர் வேண்டாம். காசோலைக்குக் கையெழுத்து வாங்க அவரைத்தான் தேடி அலைய வேண்டிவரும். செயலாளரும் பொருளாளரும் இறுதியாண்டாக இருந்தால், அவர்கள் வெளியேறியதும் கூட்டக் குறிப்புக் கொப்பியே காணாமல் போகும். ஒருவராவது இரண்டாம் ஆண்டு மாணவராக இருக்கட்டும்.

பிரிவாகத் தொடங்கினால் இந்த அலைச்சல் இல்லை. விஞ்ஞானச் சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம், ஒரு இணைப்பாளர், அவ்வளவுதான். மண்டபமும் ஒலிபெருக்கியும் சங்கத்தின் பெயரில் கிடைக்கும். காசுதான் சிக்கல்: நீங்கள் சேர்த்த அனுசரணை சங்கக் கணக்கில் விழுந்தால், பிறகு அது யாருடையது என்று வாக்குவாதம் வரும். தனிப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தீர்மானத்திலேயே கேளுங்கள்.

பத்துப் பேருக்குப் பிரிவே நல்லது. இரண்டு தவணை ஓடி, புதுமுக மாணவரும் வந்து சேர்ந்தால் யாப்பை எழுதத் தொடங்கலாம். வேறு பல்கலைக்கழக அணிகளுடன் போட்டிக்குப் போவதே நோக்கமென்றால் மட்டும், முதல் நாளிலிருந்தே தனி மன்றமாகப் பதிவு.